அடா என்றால் இருக்கு

மலாய் பேச்சில் எனக்கு முதலில் தெரிந்த வார்த்தை 'அடா'. கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. சண்டை போட்டுத் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூரில் இறங்கிய நான்காம் நாள், தேக்கா மார்க்கெட்டில் ஒரு சீனக் கடைக்காரரிடம் துணி துவைப்பதுபோல் கையைத் தேய்த்துக் காட்டி, சோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்த முகமாக "அடா, அடா" என்றார். எனக்குச் சுரீரென்று ஏறியது. யாரைப் பார்த்து அடா போடுகிறாய், நீ என்ன எனக்கு மாமனா மச்சானா என்று தமிழிலேயே எகிறிவிட்டேன். பக்கத்தில் நின்ற தமிழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலாயில் அடா என்றால் இருக்கு என்று அர்த்தமாம். அந்த மனிதர் பாவம், சோப்புக் கட்டியை எடுத்து நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அதை இன்றைக்கு ஒளிக்கப் போவதில்லை. அந்தக் கோபத்தால் கெட்டது ஏராளம், ஆனால் இந்தக் கதையில் கெட்டது ஒன்றே ஒன்றுதான்.

அது ஐம்பதுகளின் நடுவில். கல்யாணமாகி மூன்று மாதத்தில் மனைவியை அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன் நான். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கார்ப் பட்டறையில் வேலை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தோம். எட்டுப் பேருக்கும் எட்டு விதமான வேலை நேரம். நான் கிளம்பும்போது நாலு பேர் தூங்குவார்கள், திரும்பும்போது மற்ற நாலு பேர் தூங்குவார்கள். எட்டுப் பேர் இருந்த அறையில் பேச ஓர் ஆள் கிடையாது என்று சொன்னால் நம்புவீர்களா? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூட்டம் நெரியும். அந்தக் கூட்டத்துக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பேன், திரும்ப நடப்பேன், பிறகு கால்வாய் ஓரமாக அறைக்கு வந்துவிடுவேன். சில ஞாயிறுகளில் நான் பேசிய மொத்தப் பேச்சே "ஒரு டீ" என்பதுதான்.

மாதம் இரண்டு கடிதம் அவளுக்குப் போடுவேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள், தன் கையாலேயே பெரிய பெரிய எழுத்தாகப் பதில் எழுதுவாள். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாக நான் கேட்பது ஒன்றுதான்: "இங்கே வர விருப்பம் இருக்கிறதா?" அவளும் கடைசி வரியில் எழுதுவாள்: "விருப்பம் இருக்கிறது." அதைப் படித்துவிட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு அவளை எப்படி அழைப்பது? அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. நாலு வருஷம் இப்படியே ஓடிப்போனது.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தொடர்ந்து ஐந்து வருஷம் பிரிந்திருந்தால், அதற்குப் பிறகு பெண்டாட்டியை உள்ளே விடமாட்டார்கள். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கக் கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்கு மிச்சம் எட்டு மாதம். மறுபடியும் எண்ணினேன், அதேதான்.

அடுத்த வாரமே எனக்கு ஒரு வழி திறந்தது. பட்டறை முதலாளி நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம், பேச்சில் சிக்கனம், கண்ணில் கண்டிப்பு. பட்டறைக்கு மேலே அவர் சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறை இருந்தது. தனி அறை, ஜன்னல் உண்டு, பின்னால் சின்ன அடுப்படியும் உண்டு. அவருடைய சொந்தக் கார் இன்ஜின் புகை கக்கிக்கொண்டிருந்தது. அவர் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்காகப் பத்து நாள் பட்டறையை அடைத்துவிட்டுப் பினாங்கு கிளம்பும் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, என் வண்டி இன்ஜினை நீ ஒத்தை ஆளாப் பிரிச்சுப் பூட்டு. நான் திரும்பி வரும்போது அந்த வண்டிலதான் ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்குப் போகணும்."

"சரிங்க முதலாளி."

"ஓடுச்சுன்னா மாடி ரூம் உனக்கு. பொண்டாட்டியக் கூப்பிட்டுக்க. எத்தனை நாளைக்குத்தான் இப்படிச் சத்திரத்துல கிடப்ப?"

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா வேற ஆளுக்குத்தான் ரூமு. ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்லா."

பட்டறையில் மற்ற இரண்டு பேருக்கும் லீவு. சாவி என் கையில். காலையில் போய்க் கதவைத் திறந்தால், சாயங்காலம் பூட்டும்வரை நானும் அந்த இன்ஜினும்தான். நான் அதனிடம் பேச ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். "இந்தா, உனக்குப் புது பிஸ்டன்", "கொஞ்சம் பொறு, உன் முதுகைத் துடைக்கிறேன்" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வேலை செய்வேன். பேச ஆளே இல்லாமல் நாலு வருஷம் கிடந்தவனுக்கு அது கஷ்டமாக இல்லை.

இன்ஜினின் உடம்பை, நாங்கள் பிளாக் என்போம், லாவண்டர் ஸ்திரீட்டில் இருந்த ஒரு சீனரின் கடைசல் பட்டறைக்கு அனுப்பினேன். சிலிண்டரைக் கடைவது, ஆயில் போகிற துளைகளைக் குத்திக் கழுவுவது, இரண்டும் அவர் வேலை. பிளாக்குக்குள் நீளவாக்கில் ஆயில் போகிற ஒரு குழாய்ப் பாதை உண்டு. அதன் இரண்டு முனையையும் சுண்டுவிரல் நுனி அளவு திருகு மூடி போட்டு அடைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பிளக். கழுவும்போது ஒரு முனையிலாவது அதைக் கழற்றினால்தான் உள்ளே குச்சி விட முடியும்.

பிளாக்கை எடுத்துவரப் போனபோது அந்தச் சீனர் ஒரு மங்கு நிறைய மீ, அதாவது நூடுல்ஸ், கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவசரம். முனைகளைக் குனிந்து பார்க்கவில்லை. வாயால் கேட்டேன்.

"பிளக் அடா?"

"அடா."

"செமுவா அடா?" எல்லாம் இருக்கா என்று கேட்டேன்.

"செமுவா அடா," என்று மீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

கேட்டுவிட்டேன், சொல்லிவிட்டார். வேறென்ன வேண்டும்? வாடகை வண்டியில் பிளாக்கை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என் மனசு மாடி அறையில் இருந்தது. கட்டில் எந்தப் பக்கம், கண்ணாடி எந்தச் சுவரில் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கனவிலேயேதான் இன்ஜினையும் பூட்டினேன். முன்பக்கத் தகட்டை வைத்து முடுக்கும்போது பின்னால் ஓர் ஓட்டை வாயைத் திறந்துகொண்டிருந்தது என் கண்ணில் படவே இல்லை.

எட்டாம் நாள் காலை. புது ஆயில் ஊற்றி, தண்ணீர் ஊற்றி, பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு ஆயில் மீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடந்தது. பத்து எண்ணுவதற்குள் ஆஃப் செய்துவிட்டேன். ஆயில் ஏறாமல் ஓடினால் பேரிங் உருகிப் புது இன்ஜின் பழைய இரும்பாகிவிடும் என்பது எந்தப் பட்டறைக்காரனுக்கும் தெரியும்.

சரி, மீட்டர் கெட்டிருக்கும் என்று முதலில் மீட்டரைத் திட்டினேன். மூலையில் நின்ற இன்னொரு காரின் மீட்டரைக் கழற்றி மாட்டி, கொஞ்சமாகச் சுற்றிப் பார்த்தேன். அதிலும் முள் அசையவில்லை. மீட்டருக்குப் போகிற குழாயை பிளாக்கிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, வெறும் ஸ்டார்ட்டர் மோட்டாரில் சுற்றினேன். அந்தத் துளையில் ஆயில் பீச்சியடிக்க வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. ஆகவே மீட்டரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அடுத்து பம்ப். புதிதாகப் பூட்டிய பம்புக்குள் காற்று நின்றால் ஆயிலை இழுக்காது. அதைக் கழற்றி, உள்ளே ஆயில் நிரப்பி, திரும்பப் பூட்டினேன். சுற்றினேன். ஊஹூம். பிரஷர் கூடினால் திறந்துகொள்ளும் வால்வு ஒன்று உண்டு. அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஆயில் எல்லாம் கீழேயே திரும்பிவிடும். அதன் குண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் நான் இன்ஜினைத் திட்டியது எனக்கே கேட்கவில்லை.

நாளை மறுநாள் முதலாளி வந்துவிடுவார். "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலையேன் சனியனே!" என்று கத்திவிட்டு ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்தேன். அது எகிறிப் போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். கோபப்பட்டால் சமாதானப்படுத்தக்கூட ஆள் இல்லாத இடத்தில் கோபம் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மறுநாள் விடிந்ததும் காருக்கு அடியில் படுத்து, ஆயில் தேங்கி நிற்கும் அடித்தொட்டியையே இறக்கினேன். பம்பைக் கழற்றி ஒரு பேசினில் ஆயில் ஊற்றி முக்கி, ஸ்குரூடிரைவரால் சுற்றினேன். என் முகத்திலேயே பீச்சியது. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது! அப்படியானால் அது அனுப்புகிற ஆயில் எங்கே போகிறது?

அந்தக் கேள்வி வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. நேற்றெல்லாம் ஆயில் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன், எங்கே போகிறது என்று கேட்கவில்லை. மீட்டர் குழாய்த் துளையில் கை பம்ப் ஒன்றைப் பொருத்தி, ஆயிலைத் தலைகீழாக உள்ளே ஏற்றினேன். பேரிங்குகளின் ஓரத்தில் மெதுவாகக் கசிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். அடியில் படுத்துப் பார்த்தேன். பேரிங்கில் ஒரு துளி இல்லை. முன்பக்கத் தகட்டுக்குப் பின்னாலிருந்து ஆயில் கோடாக ஊற்றிக்கொண்டிருந்தது.

முன்பக்கம் முழுவதையும் கழற்றினேன். தகட்டை எடுத்ததும் தெரிந்தது, பிளக் இல்லாத ஓட்டை. அடப் பாவி! செமுவா அடா என்றானே!

சைக்கிளை எடுத்துக்கொண்டு லாவண்டர் ஸ்திரீட்டுக்கு மிதித்தேன். மழைச் சேறு முதுகுவரை அடித்தது. பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, தமிழும் மலாயும் கலந்து அந்தச் சீனரைப் பிடிபிடியென்று பிடித்தேன். பொய் சொன்னாய், என் குடும்பத்தையே கெடுக்கப் பார்த்தாய் என்றெல்லாம் கத்தினேன். அவருக்கு என் குடும்பம் எங்கே வந்தது என்று புரிந்திருக்காது. கடைசல் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிளக் மானா?" என்றேன். எங்கே என்று அர்த்தம்.

அவர் திரும்பி, மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு பால் டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார். டின்மேல் எங்கள் பட்டறை அடையாளம் சாக்பீஸில் எழுதியிருந்தது. உள்ளே என் பிளக், பேப்பரில் சுற்றியபடி.

"சினி அடா," என்றார். இங்கே இருக்கு. பிறகு, கோபமே இல்லாமல், கொஞ்சம் வருத்தமாகக்கூடச் சொன்னார்: "லு தக் தான்யா மானா."

எங்கே என்று நீ கேட்கவில்லையே.

பழைய பிளக்கைச் சிலர் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது போடுவார்களாம். அதனால் அவர் தானாகப் பூட்டுவதில்லை. எங்கே என்று கேட்பவர்களுக்கு டின்னோடு கொடுத்துவிடுவார். நான் இருக்கா என்று கேட்டேன், இருக்கு என்றார். இருந்தது, இழுப்பறையில். அந்த மனிதர் பேரில் ஒரு பிழையும் கிடையாது. தமிழில் கேட்டிருந்தாலும் இருக்கா என்றுதான் கேட்டிருப்பேன், இருக்கு என்றுதான் பதில் வந்திருக்கும். எனக்கு இரண்டு மொழி தெரிந்தும் சரியான கேள்வி தெரியவில்லை. அவர் எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். வெட்கத்தோடு குடித்தேன்.

அன்றைக்குப் பகல் முழுக்க வேலை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் பூட்டி முடித்தேன். ஸ்பார்க் பிளக் இல்லாமல் மோட்டாரில் சுற்றச் சுற்ற, முள் ஒரு முறை துடித்தது. பிறகு மெல்ல எழுந்தது. ஸ்டார்ட் செய்ததும் நாற்பதைத் தாண்டிப் போய் நின்றது. "ஏறிடுச்சு!" என்று வாய்விட்டுக் கத்தித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். அந்த நிமிஷத்தைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இன்ஜினை ஆஃப் செய்யாமல் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். முதலாளி வந்தார். வண்டியில் ஏறி, சிராங்கூன் ரோட்டில் மேலும் கீழும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மீட்டரை உற்றுப் பார்த்துவிட்டு, மாடிச் சாவியை என் கையில் போட்டார். "வெள்ளையடிச்சுக்க," என்றார். அவ்வளவுதான்.

வெள்ளையடித்தேன். கட்டில் வாங்கினேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடி மாட்டினேன். என் உயரத்துக்கு இல்லை, ஒரு சாண் இறக்கி, அவள் உயரத்துக்கு. பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதினேன். இந்தத் தடவை விருப்பம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்தச் சீனர் சொல்லிக் கொடுத்தபடி கேட்டேன்: எந்த மாதம், எந்தக் கப்பல்? சட்டத்தைப் பற்றியும் எழுதினேன். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று அடிக்கோடு போட்டேன்.

பதில் வந்தது. வழக்கத்தைவிட நீளம்.

"அறை கிடைத்ததில் சந்தோஷம். எப்போது வருகிறாய் என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் கேட்பது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்பீர்கள் என்று இரண்டு வருஷம் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் பார்த்தேன். அப்போது கேட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். இப்போது அம்மா கை கால் விழுந்து படுக்கையில் இருக்கிறாள். விட்டுவிட்டு வர முடியாது. நீங்கள் ஒரு தடவை வந்து போங்கள். உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று இங்கே புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறார் என்று சொல்கிறேன். எங்கே என்று கேட்டால் அறைக்குள் போய்விடுகிறேன்."

நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பிளக் தேடி மழையில் மிதித்தேனே, வெள்ளையடித்தேனே, யாருக்காக? வந்து போங்கள் என்றால் என்ன அர்த்தம், நான் என்ன விருந்தாளியா? பதில் போடவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று. அவளாக இன்னொரு கடிதம் எழுதட்டும் என்று முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் பிரிவுக் கணக்கே மாறியிருக்குமோ என்னவோ, யாரிடமும் விசாரிக்கக்கூட இல்லை. போயிருக்கலாம். நான்தான் போகவில்லை. கோபம் இறங்கி நான் பேனாவை எடுத்தபோது ஐந்து வருஷமும் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்தச் சீனருக்கும் எனக்கும் இதற்குள் ஒரு விளையாட்டு ஏற்பட்டுவிட்டது. நான் எதை வாங்கப் போனாலும், ஒருவர் அடா என்றால் மற்றவர் விடாமல் மானா என்று கேட்க வேண்டும். "பிஸ்டன் அடா?" "அடா." "மானா?" உடனே இரண்டு பேரும் சிரிப்போம். இந்த ஊரில் என்னோடு விளையாட்டாகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு நாள், ஏதோ வேலையாக அவரே எங்கள் பட்டறைக்கு வந்தார். மாடியைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். வெள்ளைச் சுவர், இரட்டைக் கட்டில், இறக்கி மாட்டிய கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"பினி அடா?" என்றார். பெண்டாட்டி இருக்கா என்று.

"அடா," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வழக்கம்போல என் தோளில் தட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மானா?" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.